ஒரு முன்பல்லும் ஒரு கார்னெட்டும்

ஹான்காக், மிஷிகன்
14 மே 1997

அன்புள்ள லெம்பி பெரியம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? சுப்பீரியர் ஏரியில் பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டதென்று செய்தித்தாளில் படித்தேன். இனி கப்பலில் உங்கள் அடுப்பு அவ்வளவாக ஆடாது என்று நினைக்கிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம், ஒரு பல்லைத் தவிர.

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை அம்மா தன் நாய் பராமரிப்புக் கடையில் மூஸ் என்கிற பெரிய கறுப்பு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை கண்ணில் பட்டதும் அது தலையை ஒரே தூக்காகத் தூக்கியது. மண்டை அம்மாவின் வாயில் இடித்தது. மேல்வரிசை இடது முன்பல் வேர்வரை பிளந்துவிட்டது. டாக்டர் ஹாக்ஸ்ட்ரா பசை வைத்து ஒட்டி நிறுத்தியிருக்கிறார். கோடை முடியும்வரை தாங்காதாம். பல்லை எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்துப் பற்களையும் பிடிமானமாக வைத்துப் புதுப் பல் கட்ட வேண்டுமாம். செலவை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கவிழ்த்து நீட்டினார். அம்மா அதைத் திருப்பிப் படித்துவிட்டு, "இந்த விலைக்கு அந்த நாயையே வாங்கிடலாமே டாக்டர்" என்றாள்.

என் வகுப்பில் பலருக்கு அப்பா அம்மாவின் வேலையோடு பல் காப்பீடும் வந்துவிடுகிறது. நம் வீட்டில் அப்படி இல்லை. கடைக்கு முதலாளியும் அம்மாதான், வேலைக்காரியும் அம்மாதான். அந்த முதலாளியம்மா கஞ்சம் என்று அம்மாவே சொல்லிக்கொள்கிறாள்.

உங்களுக்குத் தெரியாததில்லை, முன்பல் இல்லாமல் கார்னெட் மாதிரிப் பித்தளை வாத்தியத்தை ஊத முடியாது. வாத்தியத்தின் வாய் வந்து அழுந்துவதே அந்தப் பல்லுக்கு மேல்தான். நீங்கள் கொடுத்த கார்னெட்டை அம்மா இருபத்துமூன்று வருடமாக ஊர் வாத்தியக் குழுவில் ஊதுகிறாள். வருகிற பிப்ரவரிக் கச்சேரியில் முதல்முறையாக அவள் மட்டும் தனியாக ஊத ஒரு பகுதி கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. வேலை வழியாக இல்லாமல் தனியாளாகவே பல் காப்பீடு வாங்கலாம் என்று நூலகத்தில் கண்டுபிடித்தேன். மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். "சரிடி, இன்னிலேருந்து நீதான் இந்த வீட்டுப் பல் மந்திரி" என்று அம்மா பதவி கொடுத்துவிட்டாள். அதற்காக ஒரு புது நோட்டும் போட்டாயிற்று.

உங்களுக்கும் இளவயதில் ஒரு முன்பல் போய்ப் புதிதாகக் கட்டினார்கள் என்று அம்மா சொன்னாள். எப்படிக் கட்டினார்கள்? காப்பீடு எவ்வளவு கொடுத்தது? விவரமாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு,
ஐனோ

*

'எட்வின் ஹார்லோ' கப்பல்
30 மே 1997

என் கண்ணு ஐனோ,

நான் நலம். இடுப்புவலி என்னைவிட நலம். உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் கிடைத்தது. தபால் படகு எங்கள் பக்கமாக ஒட்டி வந்தபோது கயிற்றில் வாளியை இறக்கினோம். மற்றவர்களுக்கெல்லாம் பில் வந்தது. எனக்கு மட்டும் ஒரு மந்திரியிடமிருந்து கடிதம்.

பல்லுக்கு வழி சொல்கிறேன். ஜூன் மூன்றாம் சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் டாக்டர்கள் வந்து இலவசமாகப் பல் பிடுங்குவார்களே, அங்கே போங்கள். எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை. முதலில் சும்மா பிடுங்கிவிட்டு, அப்புறம் பாலிசி எடுத்துப் பல்லைக் கட்டினால் பிடுங்குகிற செலவு மிச்சம்.

நேற்று இருபத்தாறு பேருக்குப் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும். புதிதாக வந்த மாலுமி நான்கு தட்டு தின்றுவிட்டு, வீட்டு ஞாபகத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்றான்.

உன் அம்மா கரீனை மெதுவாக மெல்லச் சொல்.

லெம்பி பெரியம்மா

*

ஹான்காக்
8 ஜூன் 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இடுப்புக்குச் சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொள்கிறீர்களா? அம்மா கேட்கச் சொன்னாள்.

மூன்று கையேடுகளும் வந்துவிட்டன. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவற்றைத்தான் படிக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் மாதிரி இருக்கிறது. மாதாமாதம் பிரீமியம் கட்ட வேண்டும். பல்லைச் சுத்தம் செய்வதற்கு முதல் நாளிலிருந்தே பணம் தருவார்கள். ஆனால் பல் கட்டுவது போன்ற பெரிய வேலை என்றால் பாலிசி தொடங்கி ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குக் காத்திருப்புக் காலம் என்று பெயர். பிறகு பாதிச் செலவு அவர்களுடையது.

ஆகவே என் திட்டம் இது. நீங்கள் சொன்னபடி 21-ஆம் தேதி பல்லை இலவசமாக எடுத்துவிடுகிறோம். பாலிசி ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் காத்திருப்பு முடிகிறது, புதுப் பல் வருகிறது. பிப்ரவரியில் கச்சேரி. எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். நோட்டில் இதைக் கட்டம் போட்டு வரைந்திருக்கிறேன்.

போன முறை கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை, அதனால் மறுபடியும் கேட்கிறேன். உங்கள் பல்லைக் கட்டியபோது கம்பெனி எவ்வளவு கொடுத்தது? நோட்டில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
ஐனோ

*

ஹான்காக்
22 ஜூன் 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் நலமென்று நம்புகிறேன். நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றோம். எங்களுக்கு அறுபத்துநான்காம் எண். உள்ளே கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே பத்து நாற்காலிகள், பத்து டாக்டர்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் கையேட்டை எடுத்துப்போயிருந்தேன். முதல் முப்பது பக்கத்தை ஏற்கெனவே இரண்டு முறை படித்தாயிற்று. கடைசிப் பக்கங்களில் 'ஏற்கப்படாதவை' என்ற பட்டியல் இருந்தது. அதைப் படிப்பானேன் என்று விட்டிருந்தேன். வேறு வேலை இல்லாததால் படித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் இந்த வரி இருந்தது: "பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே இழந்துவிட்ட பல்லுக்கு மாற்றுப் பல் கட்டும் செலவு ஏற்கப்படாது."

மூன்று முறை படித்தேன். அறுபத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அம்மா, வா, வெளியே போயிடலாம்."

"ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்டி. இப்பப் போய் என்ன?"

"இன்னிக்கு இதைப் பிடுங்கிட்டா, அவங்களைப் பொறுத்தவரைக்கும் உனக்கு அந்தப் பல்லே கிடையாது. ஆறு மாசம் இல்ல, ஆறு வருஷம் காத்திருந்தாலும் ஒண்ணும் தர மாட்டாங்க. ஜூலை ஒண்ணாந் தேதி அது உன் வாய்க்குள்ள இருக்கணும்."

"பிளந்துபோன பல்லுடி. இருந்து என்ன வேலை செய்யப்போகுது?"

"ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

அம்மா கையேட்டை வாங்கி அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு, "எங்க வாத்தியக் குழுத் தலைவர் மாதிரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தன் எண் அட்டையைப் பின்னால் நின்ற ராவ்டியோ என்ற கிழவரிடம் கொடுத்தாள். அவர் வாய் வீங்கியிருந்ததால் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னார்.

இன்னும் ஒன்பது நாள். அதுவரை அம்மாவுக்குச் சூப்பும் கஞ்சியும்தான். கொர்ப்பு ரஸ்க் டப்பாவை அலமாரி மேல் தட்டில் ஒளித்துவிட்டேன். பெரிய நாய்களுக்கெல்லாம் ஜூலையில் வரச் சொல்லியாயிற்று. கார்னெட்டைப் பெட்டியில் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். அம்மா தும்மினால்கூட எனக்கு உயிர் போய்விட்டு வருகிறது.

அன்புடன்,
ஐனோ

*

'எட்வின் ஹார்லோ' கப்பல்
19 ஜூன் 1997

ஐனோ,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இப்போதுதான் வாளியில் ஏறி வந்தது, தபால் படகு நகர்வதற்குள் இதை எழுதி இறக்குகிறேன். கரையில் இறங்கித் தொலைபேசியில் கூப்பிட இன்னும் நான்கு நாள் ஆகும்.

21-ஆம் தேதி பல்லைப் பிடுங்க வேண்டாம். பாலிசி தொடங்கிய பிறகு எடுக்கட்டும். நான் முன்னே எழுதியது தப்பு. காரணம் பிறகு.

லெ.

*

ஹான்காக்
13 ஜூலை 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் அவசரக் கடிதம் 24-ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. நீங்களும் நானும் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறோம். அம்மாவிடம் காட்டினேன். "எங்க அக்காவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது" என்றாள்.

பல் ஜெயித்துவிட்டது, பெரியம்மா. ஜூலை முதல் தேதி காலையில் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஆடிக்கொண்டு, கறுத்துப்போய், ஆனால் இருந்தது. மூன்றாம் தேதி டாக்டர் ஹாக்ஸ்ட்ரா முதலில் எக்ஸ்ரே எடுத்துத் தேதி போட்டு, பிறகு பிடுங்கினார். இனி அது பாலிசிக் காலத்தில் போன பல். எவரும் மறுக்க முடியாது. திரும்பி வரும் வழியில் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

ஜனவரிவரை கழற்றி மாட்டுகிற பல் ஒன்றை டாக்டர் கொடுத்திருக்கிறார். இளஞ்சிவப்பு அண்ணத் தகட்டில் ஒற்றைப் பல். படுக்கும்போது தண்ணீர்த் தம்ளரில் போட வேண்டும். அதை வைத்துக்கொண்டு கார்னெட் ஊத முடியாது, தகடு நழுவிவிடுகிறது. அம்மா சாயங்காலத்தில் கார்னெட்டை மடியில் வைத்துத் துடைக்கிறாள். ஊதாமல் விரலை மட்டும் அழுத்திப் பழகுகிறாள்.

காரணம் பிறகு என்று எழுதியிருந்தீர்களே. என்ன காரணம்?

அன்புடன்,
ஐனோ

*

'எட்வின் ஹார்லோ' கப்பல்
2 ஆகஸ்ட் 1997

என் கண்ணு ஐனோ,

எல்லோரும் நலம். பல் ஜெயித்ததைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தலைமை எஞ்சினியர் தன் பாலிசியைக் கொண்டுவந்து முப்பத்தோராம் பக்கத்தைத் தேடினார். அவருடையதில் இருபத்திரண்டு பக்கம்தான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே யாரோ ஒரு மாலுமிக்கு அப்படி ஆனதாகக் கேள்விப்பட்டேன்.

இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு இருக்கிறோம். எல்லாம் சிவப்புத் தூசி. மாவுகூடச் சிவக்கிறது.

லெம்பி பெரியம்மா

*

ஹான்காக்
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுகிற பல் வந்ததிலிருந்து அம்மாவிடம் சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. கொர்ப்பு ரஸ்க்கைக் கடிப்பதில்லை, காபியில் முக்கிக் கரையும்வரை பிடித்திருக்கிறாள். ஆப்பிளைக் கத்தியால் சீவித்தான் தின்கிறாள். சிரிப்பு வந்தால் கோப்பையை வாய்க்கு முன்னால் தூக்குகிறாள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் பல் தேய்க்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதையெல்லாம் முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. ஒவ்வொரு குளிர்காலமும் கப்பல் கரையேறி நீங்கள் எங்களோடு இருக்கும் இரண்டு மாதமும் பார்த்திருக்கிறேன். பிறகு ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் இருக்கும் எல்லாப் படத்திலும் கையில் காபிக் கோப்பை இருக்கிறது. என் ஞானஸ்நானப் படத்தில்கூட.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் அந்தக் கட்டத்தையும் நிரப்பவில்லை. நீங்கள் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
ஐனோ

*

'எட்வின் ஹார்லோ' கப்பல்
5 அக்டோபர் 1997

என் கண்ணு ஐனோ,

உன் கடிதம் ஐந்து வாரமாக என் ஏப்ரன் பையில் இருக்கிறது. இதற்கிடையில் மூன்று முறை தபால் படகைத் தாண்டிப் போனோம். மூன்று முறையும் வாளியில் ஒன்றும் போடவில்லை. மன்னித்துக்கொள்.

1974-இல் நான் பேக்கரியில் வேலை பார்த்தேன். காப்பீடு கிடையாது. பல் அழுகியது, இலவச நாளில் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் வேலை கிடைத்தது, பல்லுக்கும் சேர்த்துக் காப்பீடு கொடுத்தார்கள். கட்டித் தாருங்கள் என்று எழுதிப் போட்டேன். உங்களுடைய அந்தப் பல் எங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. என்னுடைய துரதிர்ஷ்டம் என்றுதான் அதை இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். எல்லாப் பாலிசியிலும் அந்த வரி இருக்கும் என்று தோன்றவே இல்லை. அதனால்தான் உங்களுக்கும் அதே வழியைச் சொன்னேன். நீ தேதிகளை வரிசையாக எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்போதிலிருந்து மாட்டுகிற பல்தான். அதை மாட்டிக்கொண்டு கார்னெட் ஊதிப் பார்த்தேன். நாலாவது சுரத்தில் பல் நாக்கில் விழுந்தது. கப்பலில் இதற்கெல்லாம் இடமில்லை என்று சொல்லி உன் அம்மாவிடம் நீட்டினேன். அவளுக்குப் பதினாறு வயது. அவள் குதித்த குதியைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பல் கட்டியாயிற்றா என்று அவள் கேட்டபோது ஆயிற்று என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னதைத் திருப்பி எடுப்பது எப்படி? பின்னால் கையில் பணம் வந்த காலமும் உண்டு. கார்னெட்டே இல்லை, பல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இதைக் கரீனிடம் காட்டு. நீ காட்டினால் அவள் என்னைக் கொஞ்சம் குறைவாகத் திட்டுவாள்.

லெம்பி பெரியம்மா

*

ஹான்காக்
19 அக்டோபர் 1997

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எங்கள் இருவரின் அன்பு. இடுப்பு எப்படி?

நீங்கள் சொன்னபடி காட்டினேன். அம்மா பாதி முடி வெட்டிய பூடில் நாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் வெகுநேரம் அந்த நாயையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவ குடுத்தப்ப நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலடி. தூக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அவளைத் திட்டணும். ஆனா அவளுக்கும் முன்பல் இல்ல, எனக்கும் முன்பல் இல்ல. எந்த வாயால திட்டுறது?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோப்பையைத் தூக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் இன்னும் பதினோரு கம்பெனிகளுக்கு எழுதினேன். வந்த கையேடுகளில் எல்லாம் பின்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒன்பதில் அந்த வரி இருந்தது. பத்தாவதில் இல்லை. ஒரு பக்கம்கூட விடாமல் தேடினேன், இல்லை. நம்ப முடியாமல் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எப்போது போன பல்லாக இருந்தாலும் சரி, ஆனால் காத்திருப்பு ஆறு மாதம் இல்லை, முழுதாகப் பன்னிரண்டு மாதம் என்று அந்த அம்மாள் சொன்னார். இருபத்துமூன்று வருடம் முன்னால் போயிருந்தாலுமா என்று கேட்டேன். "எந்த வருஷம்னு எங்க பாரத்துல கேள்வியே இல்லம்மா" என்றார். எழுத்திலும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டேன். அது இத்துடன் இருக்கிறது.

உங்களுக்கான விண்ணப்பப் பாரமும் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். நவம்பர் 20-க்குள் போய்ச் சேர்ந்தால் டிசம்பர் 1-இல் தொடங்கும். தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். வாளியில் போட வேண்டியது மட்டும்தான் உங்கள் வேலை.

அன்புடன்,
ஐனோ

*

'எட்வின் ஹார்லோ' கப்பல்
11 ஏப்ரல் 1998

என் கண்ணு ஐனோ,

கப்பல் கிளம்பிப் பதினைந்து நாள் ஆயிற்று. நான் நலம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ஏறிய எடையும் நலம்.

கச்சேரியன்று உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேனே, பிடிக்கவில்லையோ என்று நீ நினைத்திருக்கலாம். உன் அம்மா அந்தத் தனிப் பகுதியை ஊதி முடிக்கும்வரை என் விரல்கள் மடியில் அழுத்திக்கொண்டே இருந்தன. ஒரு இடத்தில் அவள் அவசரப்பட்டாள். அதை அவளிடம் சொல்லிவிட்டேன். புதுப் பல்லைக் காட்டி முறைத்தாள்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நாலு தட்டு தின்ற மாலுமி எடுத்தது. கோப்பையைக் கீழே வை என்றான், வைத்தேன். பல்லையும் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டு வாயைத் திறந்து சிரித்தேன். இருபத்துநாலு வருடத்தில் என் வாய் தெரிகிற முதல் படம் இதுதான். சந்து நன்றாகத் தெரிகிறதா? உன் நோட்டில் காலியாக விட்ட கட்டத்தில் ஒட்டிக்கொள். பக்கத்திலேயே இன்னொரு படத்துக்கும் இடம் விடு.

காத்திருப்பு முடிகிற டிசம்பர் முதல் தேதிக்கு இன்னும் இருநூற்று முப்பத்துநாலு நாள். அடுப்புக்கு மேலே காலண்டர் மாட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடிக்கிறேன். இருபத்தாறு பேரும் காலையில் வந்து எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் முட்டையைத் தொடுகிறார்கள்.

கரீனிடம் ஒன்று சொல்லிவிடு. அடுத்த குளிர்காலம் அந்தக் கார்னெட் எனக்குத் திரும்ப வேண்டும். தனக்கு வேறொன்று வாங்கித் தரும்படி அவள் தன் முதலாளியம்மாவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உன்,
லெம்பி பெரியம்மா